வலை ஆடியது

நம் பள்ளிக்கூடத்துப் பாஸ்கெட்பால் மைதானத்தில் இப்போது கார்கள் நிற்கின்றனவாம். போன மாதம் மயிலாப்பூர்ப் பக்கம் போய்வந்த நம்மில் ஒருத்தி போனில் சொன்னாள். இரண்டு கம்பங்களையும் அறுத்து எடைக்குப் போட்டுவிட்டார்களாம். கேட்ட நம் பழைய அணிக்காரிகள் எல்லோரும் ‘அடடா’ என்றீர்கள். எனக்குக் கிழக்குப் பக்கத்துக் கம்பம் போனதில் ஒரு சொட்டு வருத்தமும் இல்லை. அதிலிருந்த வளையத்துக்கும் எனக்கும் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. மூட்டுவலியையும் சர்க்கரையையும் பேசிப் பேசி அலுத்துவிட்டது, இன்றைக்கு அந்த வழக்கைச் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் அன்று அங்கே இருந்தீர்கள். ஆனால் பாதியைத்தான் பார்த்தீர்கள்.

எழுபதுகளின் தொடக்கம். நாம் பத்தாவது. நான் எவ்வளவு உயரம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். வகுப்பு போட்டோவில் என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தியும் தலை தனியாகத் தெரிந்தது. வீட்டில் அம்மா, “இன்னும் வளந்தா மாப்பிள்ளைக்கு எங்க போவேன்?” என்று என் தலையில் எண்ணெய் வைக்கும்போதெல்லாம் ஒரு அழுத்து அழுத்துவாள். அந்த உயரத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒன்று நம் கேப்டன். இன்னொன்று என் சித்தப்பா.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்த குடும்பம். கடை ரங்கநாதன் தெருவில், வீடு இரண்டு தெரு தள்ளி. கல்லாவில் அப்பா. புடவை எடுத்துப் போடுவதும் மடிப்பதும் அப்பாவின் தம்பி. அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். காலையிலிருந்து நாலு மணி வரை கடை, அதற்குமேல் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு மைதானம். சின்ன வயதில் ஆடியவர், கால் பிசகியபின் ரெஃப்ரி ஆனார். என்னை அணியில் சேர்க்க அப்பாவிடம் கெஞ்சியவரும் அவர்தான். விளையாடும்போது போடுகிற டிவைடட் ஸ்கர்ட்டுக்குக் கடையிலிருந்தே கருநீலத் துணி கிழித்துத் தைக்கக் கொடுத்தார். அப்பா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வருஷம் சித்தப்பா ரெஃப்ரி பரீட்சை எழுதினார். விதிப்புத்தகம் இங்கிலீஷில், சைக்ளோஸ்டைல் மையில் மங்கலாக இருக்கும். அவருக்கு இங்கிலீஷ் தகராறு. அதனால் கேள்வி கேட்கும் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு அவர் சுங்கடிப் புடவைகளை மடிப்பார், நான் துணி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து புத்தகத்தைப் பிரிப்பேன். புதுத்துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறும்.

எங்களுக்குப் பிடித்த பக்கம் ஒன்று உண்டு. போடுகிற பந்து மேலே ஏறும்போது தடுக்கலாம். உச்சிக்குப் போய் வளையத்தைப் பார்த்து இறங்கத் தொடங்கிவிட்டால் அதைத் தொடக்கூடாது. தொட்டால் அது கோல்டெண்டிங், பந்து விழாவிட்டாலும் போட்டவர்களுக்கு இரண்டு பாயிண்ட். அதே மாதிரி, பந்து வளையத்தின்மேல் உருண்டுகொண்டிருக்கும்போது தடுக்கிற அணிக்காரர் வளையத்தையோ அதில் தொங்கும் வலையையோ தொடக்கூடாது. தொட்டால் பாஸ்கெட் இன்டர்ஃபெரன்ஸ். அதற்கும் இரண்டு பாயிண்ட்.

“வலையத் தொட்டா என்ன, அது வெறும் கயிறுதான?” என்று நான் வம்புக்குக் கேட்பேன்.

சித்தப்பா என் கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றித் தூக்கிப் பிடிப்பார். இன்னொரு கையில் எலுமிச்சம்பழம். “எறங்குத பந்து ஆண்டவனுக்குச் சொந்தம்ட்டி. விழணுமா வேண்டாமான்னு அவன் பாத்துக்கிடுவான். அந்த நேரத்துல மனுசன் கை உள்ள போவப்படாது.”

பரீட்சையில் தேறிவிட்டார். எனக்கு ஒரு புது கேன்வாஸ் ஷூவும் பூசிக்கொள்ள வெள்ளைப் பாலிஷும் வாங்கிக்கொடுத்தார்.

கேப்டனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவள் வலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்து நூல் வலை மழையில் இற்றுப்போய் நாலு இழைதான் மிச்சம் இருந்தது. புதிது கேட்டால் அடுத்த வருஷம் என்றார்கள். கேப்டனின் அப்பா சாந்தோம் பக்கத்துக் குப்பத்தில் மீன் பிடிப்பவர். மீன்வலை நைலானிலேயே ஒன்று பின்னிக் கொடுத்தார். கேப்டன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த அன்று மைதானமே கவிச்சி வாசனை அடித்தது. பக்கத்து வகுப்புப் பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். “பொத்திக்கினு போங்கடி, மீன் துன்றப்போ மட்டும் நாறாதா?” என்று அவள் ஏணியில் ஏறிக் கட்டினாள். கிழக்கு வளையத்துக்கு மட்டும்தான் நைலான் போதுமானதாக இருந்தது.

அந்த வலையில் ஒரு கோளாறு. நைலான் லேசு. பந்து சுத்தமாக உள்ளே விழுந்தால் வலை துள்ளி மேலே போய் வளையத்திலேயே சுருண்டு மாட்டிக்கொள்ளும். கொடிக்கம்பால் தள்ளி இறக்கிவிடுவோம். கம்பு எடுக்கச் சோம்பலாக இருந்தால் அப்படியே ஆடுவோம். எப்போதாவது பந்து வளையத்தில் மோதினால் அந்த அதிர்ச்சியில் சிக்கு நழுவி வலை தானாகவே இறங்கிக்கொள்ளும்.

தினமும் பயிற்சி முடிந்ததும் கேப்டன் என்னை அந்த வலைக்குக் கீழே நிறுத்தி, “எகிறு நைனா, எகிறு” என்பாள். நான் ஓடிவந்து குதித்து வலை நுனியை விரலால் சுண்டுவேன். அதுதான் என் உச்சம். வலைக்குமேல் இருக்கிற இரும்பு வளையத்தை எட்ட இன்னும் ஒன்றரை அடி வேண்டும், ஏழு ஜென்மத்துக்கும் ஆகாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பருவத்தில் நாம் ஜெயித்துக்கொண்டே போனோம், ஞாபகம் இருக்கிறதா? அரையிறுதி முடிந்ததும் டிரில் டீச்சர் நேரே எங்கள் கடைக்கு வந்துவிட்டார். பைனலில் ஜெயிக்கிற அணியிலிருந்து மாநில முகாமுக்குப் பெண்களை எடுப்பார்கள், ஒரு மாசம் வெளியூரில் தங்கவேண்டும், நீங்கள் அனுப்பவேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார். கடை நிறைய ஆள். டீச்சர் அன்று எங்கள் கடையில் நாலு புடவை வேறு எடுத்திருந்தார். அப்பா சிரித்துக்கொண்டே, “ஜெயிக்கட்டும் டீச்சர். ஜெயிச்சா நானே ரயிலேத்தி விடுதேன். தோத்துட்டா பந்து ஆடினது போதும்னு வீட்டுல இருந்துக்கிடணும். சரியா?” என்றார். என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன். எதிரணி யார் என்று அப்பா விசாரித்திருந்தார். மூன்று வருஷமாகத் தோற்காதவர்கள் அவர்கள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஜெயித்தால் ரயில், தோற்றால் வீடு. வேறு எதுவும் இல்லை.

பைனல் நம் மைதானத்திலேயே நடந்தது. ரெஃப்ரி என் சித்தப்பா என்று தெரிந்ததும் எதிரணி டீச்சர் சண்டைக்கு வந்தார். சொந்த அண்ணன் மகள் ஆடுகிற மேட்சுக்கு இவரா என்றார். வேறு ஆள் கிடைக்கவில்லை. இரண்டாவது ரெஃப்ரியாக எதிரணி சொன்ன ஒருவரையே போட்டார்கள். அப்பா வந்திருந்தார். அவர் என் மேட்சுக்கு வந்தது அது ஒன்றுதான். மடக்கு நாற்காலியில் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெயித்துக் காட்டுகிறேன் பாருங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கடைசி இரண்டு நிமிஷம். நீங்கள் பார்க்காத பாதி இங்கேதான் இருக்கிறது.

எதிரணிக்காரி ஒருத்தி கிழக்கு வளையத்தில் சுத்தமாக ஒன்று போட்டாள். வலை துள்ளிச் சுருண்டு மேலே மாட்டிக்கொண்டது. நீங்கள் எல்லோரும் எதிர்ப்பக்கம் ஓடிவிட்டீர்கள். கோட்டுக்கு வெளியே நின்று பந்தை எறிய வேண்டியவள் நான். பக்கத்தில் சித்தப்பா.

“சித்தப்பா, வலை சுருண்டுட்டு” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இருக்கட்டும்ட்டி, நேரமில்ல. பந்தப் போடு.”

போட்டேன். கேப்டன் அந்தப் பக்கம் கூடை போட்டாள். நாம் ஒரு பாயிண்ட் முன்னால். எதிரணி பந்தோடு வந்தது. நேரம் குறிக்கும் மேஜைக்காரர் கடிகாரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு, முடியப்போகிறது என்று கையைத் தூக்கிவிட்டார். ஒரு பெண் தூரத்திலிருந்து எறிந்தாள். பந்து வளையத்தில் மோதியது, எழும்பியது, மறுபடி வளையத்தின்மேல் உட்கார்ந்து உருண்டது. நான் குதித்தேன். பந்து வெளிப்பக்கமாக விழுந்து என் கைக்கு வந்தது. நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். அந்தத் தோல் பந்தின் சூடு இப்போதும் உள்ளங்கையில் இருக்கிறது.

விசில்.

சித்தப்பா வலையைக் காட்டினார். வலை கீழே தொங்கி, இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு இரண்டு விரலைக் கீழ்நோக்கி வெட்டினார். பாஸ்கெட் இன்டர்ஃபெரன்ஸ். விழாத பந்துக்கு இரண்டு பாயிண்ட். மிச்சம் இருந்த நேரத்தில் மூச்சு விடத்தான் முடிந்தது. ஒரு பாயிண்டில் தோற்றோம்.

எதிரணி டீச்சரே ஓடிவந்து சித்தப்பாவைக் கும்பிட்டார். “சொந்தப் பொண்ணுன்னுகூடப் பாக்கலியே சார், நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க” என்றார். கூட்டம் கைதட்டியது. நான் சித்தப்பா முகத்தைப் பார்த்தேன். அவர் குனிந்து விசில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

குழாயடியில் கேப்டன் என்னைப் பிடித்துக்கொண்டாள். முகம் கழுவியிருந்தாள், ஆனாலும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. “நான் அந்தாண்ட நின்னுக்கினு இருந்தேன், பாக்கல. தொட்டியா இல்லியா, அத்த மட்டும் சொல்லு. நீ தொடலன்னா நான் அந்த ஆள விடமாட்டேன்.”

நான் யோசித்தேன். விரலைப் பார்த்துக்கொண்டேன். எதுவும் பட்டதாக நினைவில்லை. ஆனால் சித்தப்பா பார்த்திருக்கிறார். வலை ஆடியது. சித்தப்பா பொய் சொல்வாரா? என் விரல் பொய் சொல்லலாம், அவர் சொல்லமாட்டார்.

“தொட்டுட்டேன்” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். “உன் கைய நம்பிக்கினு இருந்தேன்டி” என்றாள். அவ்வளவுதான். அப்புறம் பள்ளிக்கூடம் முடிகிறவரை என்னிடம் பேசவில்லை. நீங்களும்தான் பேசவில்லை, இப்போது மறந்திருப்பீர்கள். மறுவாரம் அவள் ஏணி போட்டு அந்த நைலான் வலையை அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா அன்று சாயங்காலம் எனக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுத் தாவணி எடுத்துக்கொடுத்தார். திட்டவே இல்லை. தலையைத் தடவினார். “விளையாட்டுல இதெல்லாம் சகஜம்மா” என்றார். அவர் என்னை ‘அம்மா’ என்று கூப்பிட்டது அபூர்வம். தோற்ற பிள்ளையிடம் இவ்வளவு பிரியமா என்று அழுதேன். டிவைடட் ஸ்கர்ட்டை அம்மா அலமாரி துடைக்கும் துணியாக ஆக்கிவிட்டாள். இரண்டு வருஷத்தில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை என்னைவிட ஒரு அங்குலம் உயரம், அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இது முப்பது வருஷம் நின்றது. சித்தப்பாவுக்கு வயதானபோது ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு பாராட்டு விழா எடுத்தார்கள். மேடையில் பேசியவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். அண்ணன் மகள் என்றும் பார்க்காமல் கடைசி நொடியில் விசில் ஊதிய நேர்மையைப் பாருங்கள் என்றார்கள். அந்தப் பெண்ணே இங்கே வந்திருக்கிறார் என்று என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நான் எழுந்து நின்று கைதட்டினேன். என் தோல்விக்கு நானே.

அந்த விழா முடிந்து சில மாதத்தில்தான் அது நடந்தது. என் மகன் வீட்டு அடுக்குமாடியில் பிள்ளைகளுக்காக ஒரு வளையம் மாட்டியிருந்தார்கள். காய்கறிப் பையோடு வந்தவள் மூச்சு வாங்க நின்றேன். ஒரு பையன் சுத்தமாகப் போட்டான். வலை துள்ளிச் சுருண்டு மேலே மாட்டிக்கொண்டது. அடுத்த பந்து வளையத்தில் மோதி வெளியே விழுந்தது. வலை நழுவி இறங்கியது. இறங்கி, இப்படியும் அப்படியும் ஆடியது.

பக்கத்தில் யாருமே இல்லை. யார் கையும் படவில்லை. வலை ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ‘சித்தப்பா, வலை சுருண்டுட்டு’ என்று நான் சொன்னது. அவர் நிமிர்ந்து பார்த்தது. நான் குதித்தபோது தலைக்குமேல் வெறும் இரும்பு மட்டும் இருந்தது. கீழே தொங்காத வலையை நான் எப்படித் தொட்டிருக்க முடியும்? பந்து உருண்டு வெளியே விழுந்த அதிர்ச்சியில்தான் அது இறங்கியிருக்கிறது. வளையத்தை என் கை எட்டவே எட்டாதே. பையை அங்கேயே போட்டுவிட்டு மாமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். தக்காளி உருண்டு போனது. அந்தப் பையன்தான் பொறுக்கிக் கொடுத்தான்.

மறுநாள் மேற்கு மாம்பலத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சித்தி கோயிலுக்குப் போயிருந்தாள். அவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். தலைமாட்டு ஆணியில் அந்தப் பழைய விசில்.

“வலை மேல சுருண்டு கெடந்துச்சு சித்தப்பா. நான் ஒங்ககிட்ட சொன்னேன்.”

எந்த வலை என்று அவர் கேட்கவில்லை. அங்கேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. தன் கைகளைப் பார்த்தபடியே சொன்னார்.

“அண்ணன் மேட்சுக்கு மொத நாளே சொன்னாவ. ‘டீச்சர்ட்ட நாலு பேரு முன்னால வாக்கு குடுத்துட்டேன், யாவாரி வாக்கு, மாத்த முடியாது. பிள்ள ஜெயிக்கப்படாது, நீ பாத்துக்கிடு’ன்னாவ. நான் முடியாதுன்னுதான் சொன்னேன். அப்பொறம்… அவிய வீட்டுச் சோத்தல்லா தின்னேன்ட்டி. கடைசி வரைக்கும் ஒண்ணும் செய்யல. நீங்களே தோத்துருவியன்னு இருந்தேன். தோக்கலியே.”

அப்பா தடவிய கை ஞாபகம் வந்தது. மயில்கழுத்துத் தாவணி ஞாபகம் வந்தது. செத்துப்போன மனிதரிடம் போய் என்ன கேட்பது? மிச்சம் இருப்பவரிடம்தான் கேட்டேன்.

“போவாதன்னு சொல்லிருக்கலாமே சித்தப்பா. ரெண்டு பேரும் மூஞ்சிக்கு நேரா சொல்லிருந்தா அழுதுட்டு வீட்டுல இருந்துருப்பேன். எம்மேல ஏன் பழியப் போட்டிய? முப்பது வருசமா எங்கையவே நான் நம்பல. எறங்குத பந்து ஆண்டவனுக்குச் சொந்தம்னு எனக்குச் சொன்னது நீங்கதான?”

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே நீட்டி, குறுக்காக வெட்டி வெட்டி அசைத்தார். உங்களுக்குத் தெரியும், கூடை செல்லாது என்று ரெஃப்ரி காட்டுகிற சைகை. மூன்று தடவை காட்டினார். பிறகு, சரியாகிவிட்டதா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

சரியாகவில்லை. விசில் ஊதியபோது மைதானம் நிறையக் கூட்டம் இருந்தது. இதைப் பார்க்க நான் ஒருத்திதான் இருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் போனபோது போய் அழுதேன், மறுப்பதற்கில்லை. ஆனால் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கேப்டன் எங்கே இருக்கிறாள் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் இதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். குப்பத்தில் விசாரித்துவிட்டேன், கல்யாணமாகித் தூத்துக்குடிப் பக்கம் போனாள் என்பதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை. குழாயடியில் அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அதற்கு நான் தப்பான பதில் சொல்லிவிட்டேன்.

தொடவில்லை கேப்டன். நான் தொடவில்லை.